கண் அசரும் நேரம், வழுக்கும் சாலை: வாசகர் கேள்வி – பதில்

மாலை போட்டவர்களின் பயணங்களும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும் மாதங்கள் இவை. தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுவது, மழை, மலைப்பாதை, மூடுபனி பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும் என்பதே காரணம்.

கேள்வி: காலை ஆறு மணிக்கு எழுந்து, அலுவலகம் முடித்து, இரவு பத்து மணிக்குச் சென்னையிலிருந்து காரில் சபரிமலை கிளம்புகிறோம். திருச்சி, திண்டுக்கல், தேனி, குமுளி வழி. ராத்திரியில் டிராஃபிக் இருக்காது. நான் ஒருவன்தான் ஓட்டுகிறேன், பழக்கம்தான். எதைக் கவனிக்க வேண்டும்?
*(மாலை போட்ட வாசகர், குரோம்பேட்டை)*

கிளம்பும் நேரத்தை மாற்றுங்கள், சாமி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பதினொரு மணிக்கே 17 மணி நேர விழிப்பு ஆகிவிடுகிறது. நீங்கள் அப்போது செங்கல்பட்டைத் தாண்டிக்கொண்டிருப்பீர்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை வேகமும் கவனமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1990களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. நம் சட்டத்தின் வரம்பு 30 மில்லிகிராம். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது சுமார் 100 மில்லிகிராமுக்குச் சமம். அதிகாலை மூன்று மணிக்கு நீங்கள் பெரம்பலூர் அல்லது திருச்சி அருகே, 21 மணி நேர விழிப்போடு இருப்பீர்கள். குமுளி மலைப்பாதையில் ஏறும்போது 26 மணி நேரம். முழுப் பயணத்திலும் கடினமான வளைவுகளை மிக மோசமான கண்களோடு சந்திக்கப்போகிறீர்கள்.

விழித்திருந்த நேரம் ஒரு பக்கம் என்றால், உடலின் கடிகாரம் இன்னொரு பக்கம். நன்றாகத் தூங்கியவருக்கும் அதிகாலை 2 முதல் 6 மணிவரை உடல் வெப்பம் இறங்கி, விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும். பகல் 2 முதல் 4 மணிக்கும் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. உங்கள் திட்டம் பெரிய பள்ளத்தின் நடுவில் போய் விழுகிறது.

விரதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாலு மணிக்குக் குளியல், பூஜை, இரவு பஜனை என்று ஒரு மண்டலம் ஓடியிருந்தால் தினம் ஆறு மணி நேரத் தூக்கம்தான் கிடைத்திருக்கும். இரண்டு வாரம் தொடர்ந்து ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்குக் குறைந்ததாக 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. அவர்களோ தங்களுக்குக் கொஞ்சம்தான் அசதி என்று நம்பினார்கள். "பழக்கம்தான்" என்று நீங்கள் எழுதியிருப்பதை நாங்கள் அப்படித்தான் படிக்கிறோம்.

இரவு ஒன்பதுக்குப் படுத்து மூன்றுக்கு எழுந்து நாலு மணிக்குக் கிளம்புங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இருட்டும் அந்த அதிகாலைத் தூக்கப் பள்ளமும்தான், ஆனால் தூங்கி எழுந்த உடம்பு தாங்கும். வேகத்தை மட்டும் குறைத்து வையுங்கள். மதியத்துக்குப் பிறகு தேனியில் தங்கி, மறுநாள் வெளிச்சத்தில் மலை ஏறுங்கள். இரவுப் பயணத்தைத் தவிர்க்கவே முடியாது என்றால், மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள், இரண்டாவது ஓட்டுநரை அழைத்துச் செல்லுங்கள், இரண்டு மணிக்கொரு முறை மாறுங்கள், 2 முதல் 5 மணிவரை வண்டியை நிறுத்திவிடுங்கள். ஆக்டிங் டிரைவர் வைத்தால் முதலில் கேட்க வேண்டியது, "அண்ணே, கடைசியா எப்போ தூங்குனீங்க?" என்பதுதான். பகலெல்லாம் வேறு வண்டி ஓட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

திரும்பும் பயணம் இதைவிட மோசம். மலை ஏறி, வரிசையில் பல மணி நேரம் நின்று, இறங்கி, அன்றிரவே ஸ்டீயரிங் பிடிக்காதீர்கள். பம்பையை விட்டதும் எங்காவது ஒரு ராத்திரி தங்குங்கள்.

கேள்வி: தூக்கம் வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டைச் சத்தமாக வைப்பேன். முகமும் கழுவுவேன். போதாதா?
*(கால் டாக்ஸி ஓட்டுநர், கோவை)*

போதாது. எல்லாமே சில நிமிடங்களுக்குத்தான். காற்றும் பாட்டும் உங்களை உசுப்புமே தவிர, சேர்ந்துபோன தூக்கக் கடனில் ஒரு பைசாவையும் அடைக்காது. அந்தச் சில நிமிடத்தை அடுத்த பெட்ரோல் பங்க்கிலோ உணவகத்திலோ ஒதுங்கப் பயன்படுத்தினால் அதற்கு அர்த்தம் உண்டு.

ஒரு திருத்தம் மட்டும் செய்யலாம். ஏசியில் உள்காற்றே சுழலும் பொத்தானை மணிக்கணக்காகப் போட்டு வைக்காதீர்கள். நாலு பேர் மூச்சு விடும் மூடிய காருக்குள் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைப்போலப் பல மடங்கு ஏறி, மந்தத்தைக் கூட்டும். கால் மணிக்கொரு தரம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: அப்படியானால் டீ, காபி? எவ்வளவு, எப்போது?
*(வாசகி, விழுப்புரம்)*

காபி வேலை செய்யும், ஆனால் குடித்த உடனே அல்ல. காஃபின் ரத்தத்தில் ஏறி மூளையில் வேலையைத் தொடங்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். நெடுஞ்சாலை ஓரம் பாதுகாப்பான இடமல்ல. பின்னால் வருகிறவரும் தூங்கிக்கொண்டு வரலாம். விளக்குள்ள பங்க், டோல்கேட் தாண்டியதும் வரும் லாரி நிறுத்தம், ஆள் நடமாட்டமுள்ள உணவகம் நல்லது. 150 முதல் 200 மில்லிகிராம் காஃபின் தேவை. ஒரு கப் இன்ஸ்டன்ட் காபியில் 60 முதல் 80 வரை இருக்கலாம், ஒரு கப் டீயில் 30 முதல் 50. டீக்கடைக் கிளாஸ் சிறியது என்பதால் ஒரு டீ கணக்கிலேயே வராது. திடமான காபி இரண்டு குடியுங்கள். குடித்து முடித்த கையோடு இருக்கையைச் சாய்த்து, போனில் 20 நிமிட அலாரம் வைத்து, கண்ணை மூடுங்கள். அரைகுறையாக அயர்ந்தாலும் பயன் உண்டு. காஃபின் ஏறும் நேரமும் அலாரம் அடிக்கும் நேரமும் ஒன்றாக வரும்.

20 நிமிடத்தை 45 நிமிடமாக நீட்டினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ வேண்டியிருக்கும். எழுந்த பிறகு 15 முதல் 30 நிமிடம் தலை கனத்து, கை தாமதிக்கும். நேரம் இருந்தால் ஒன்றரை மணி நேரம் முழுதாகத் தூங்குங்கள். எதுவானாலும் எழுந்ததும் இறங்கி ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள்.

மூடிய காரில் எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டுத் தூங்காதீர்கள். புகைபோக்கி கசிந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனை கிடையாது. எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கிவிடுங்கள்.

இந்தக் காபி-தூக்கம் உங்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் வாங்கித் தரும். அதே இரவில் இரண்டாம் முறை தேவைப்பட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு மலைப்பாதையிலோ குண்டும் குழியுமான ரோட்டிலோ தூக்கம் வருவதில்லை. நாலுவழிச் சாலையில்தான் கண் சொருகுகிறது. அப்படியானால் மோசமான ரோடுதான் தூக்கத்துக்கு நல்லதா?
*(லாரி ஓட்டுநர், சங்ககிரி)*

நீங்கள் கவனித்தது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

நேரான, காலியான சாலை தூக்கத்தை உண்டாக்குவதில்லை. உள்ளே ஏற்கெனவே இருக்கும் தூக்கத்தை அது வெளியே காட்டுகிறது. வளைவும் பள்ளமும் எதிர்வண்டி வெளிச்சமும் உங்களை நிமிடத்துக்கு நிமிடம் சீண்டிக்கொண்டே இருப்பதால் தூக்கம் மறைந்து நிற்கிறது. ஆனால் அந்த நேரம் முழுக்க மூளை இரட்டை வேலை செய்கிறது: வண்டியையும் ஓட்ட வேண்டும், விழித்தும் இருக்க வேண்டும். அதற்கான விலையை மலை இறங்கியதும் கேட்கும். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கவனமாக இறங்கியவர், ஆழியாறு தாண்டி பொள்ளாச்சிக்குப் போகும் நேர்ச்சாலையில் கண் அயர்வது இதனால்தான். "கஷ்டமான இடம் தாண்டியாச்சு" என்று தோள் தளரும் அந்த முதல் அரை மணி நேரத்துக்கு முன்பே ஓர் ஓய்வு எடுங்கள். மலை முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும், முப்பது கிலோமீட்டர் தள்ளி அல்ல.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. தூங்கும் மனிதர் தப்பிப்பதெல்லாம் சாலையில் மிச்சமிருக்கும் இடத்தால்தான். நாலுவழிச் சாலையில் ஒரு தடம் 3.5 மீட்டர். உங்கள் லாரி சுமார் 2.5 மீட்டர். தடத்தின் நடுவில் ஓட்டினால் இரு பக்கமும் அரை மீட்டர். மணிக்கு 80 கி.மீ. என்றால் நொடிக்கு 22 மீட்டர். வண்டி போகும் திசை ஒரே ஒரு டிகிரி விலகி நின்றாலும் அது நொடிக்கு சுமார் 40 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகரும். ஒன்றேகால் நொடியில் கோட்டைத் தொடும். கண் அசருகிற குட்டித் தூக்கமோ சாதாரணமாக 3, 4 நொடி. 4 நொடியில் 89 மீட்டர் ஓடியிருப்பீர்கள். நல்ல சாலையில் அதற்கு ஓரத் தார்ப்பகுதியும், கடகடவென்று அதிரும் கோடுகளும், நடுவே மீடியனும் உண்டு. இருவழிச் சாலையிலும் மலையிலும் அந்த அரை மீட்டருக்கு அப்பால் எதிர்வண்டியோ பள்ளமோதான்.

தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கைத் திருத்தும் விதமும் மாறிவிடும். விழிப்பாக இருப்பவரின் கை ஓயாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கும். கலக்கத்தில் இருப்பவர் சிறிது நேரம் எதுவும் செய்யாமல் விட்டு, பிறகு பதறி ஒரேயடியாக வெட்டுவார். காய்ந்த தாரில் டயர் அந்த வெட்டைப் பிடித்துக்கொள்ளலாம். நனைந்த சாலையில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். உயரமாக லோடு ஏற்றிய லாரி சாயும். சரளையில் இறங்கிய சக்கரத்தைச் சட்டென்று மேலே ஏற்றுவதும் இதே கதைதான். அப்படி இறங்கிவிட்டால் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரை விட்டு, நேராகப் பிடித்து, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மெதுவாக ஏற்றுங்கள்.

கேள்வி: என் காரில் ஏபிஎஸ் இருக்கிறது, டயரும் இரண்டு வருடம்தான் ஆகிறது. இரவு மழையில் 80இல் போவது தவறா?
*(வாசகர், திருநெல்வேலி)*

தவறுதான். கணக்கைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

80 கி.மீ. வேகத்தில், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி எடுத்தால் 33 மீட்டர் போய்விடும். அதன் பிறகு காய்ந்த தாரில் நிற்க சுமார் 36 மீட்டர். ஈரத்தில் 60 மீட்டருக்கு மேல். ஆக மொத்தம் ஏறக்குறைய 95 மீட்டர். லோ பீம் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிவது 40 முதல் 60 மீட்டர் வரைதான். வெளிச்சத்துக்குள் தெரியும் மாட்டையோ விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டரையோ தவிர்க்க உங்களுக்கு இடமே இல்லை. இதில் தூக்கக் கலக்கம் சேர்ந்து கால் ஒரு நொடி தாமதித்தால் இன்னும் 22 மீட்டர். 60க்கு இறங்கினால் ஈரச் சாலையிலும் மொத்தம் 60 மீட்டரில் நிற்கும். கனமழையில் அதற்கும் கீழே வாருங்கள். ஏபிஎஸ், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுத்து, ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்க வைக்கும். தண்ணீர் மேல் டயருக்குப் பிடிமானத்தை உண்டாக்கித் தராது.

டயரை வயதால் மட்டும் அளக்காதீர்கள். பட்டன், அதாவது டயர் முகத்துப் பள்ளங்களின் ஆழம், 1.6 மி.மீ. என்பது சட்டத்தின் கடைசி எல்லை. பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடுகள் டயரின் முகத்தோடு சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது. மழைக்கு 3 மி.மீ.க்குக் கீழே போகும்போதே மாற்றிவிடுங்கள், ஏனென்றால் தண்ணீரை வெளியேற்றுவது அந்தப் பள்ளம்தான். அது போதாதபோது டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கும். தேய்ந்த டயருக்கு அந்த வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது: 32 பிஎஸ்ஐ என்றால் சுமார் 94 கி.மீ., காற்று இறங்கி 20 பிஎஸ்ஐ ஆகிவிட்டால் சுமார் 74 கி.மீ. மழைக்காலத்தில் காற்றைக் குறைத்து ஓட்டினால் பிடிமானம் கூடும் என்று சொல்பவர்கள் ஆபத்தை நேர்மாறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஸ்டீயரிங் திடீரென்று லேசாகி, எஞ்சின் சத்தம் ஏறினால் வண்டி மிதக்கிறது. பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள். ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டு நேராகப் பிடியுங்கள். காலை எடுத்தாலும் வேகத்தைத் தானே காக்கும் குரூஸ் கன்ட்ரோலை மழையில் போடவே கூடாது. அசதியாக இருக்கும்போதும்தான், காலுக்கு வேலை இல்லாவிட்டால் கண் இன்னும் சீக்கிரம் சொருகும்.

பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் முதல் அரை மணி நேரம் தனிக் கவனம் வேண்டும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து வழவழப்பாகும். முடிந்தால் ஒரு டீக்கடையில் அந்த அரை மணியைக் கழியுங்கள்.

கேள்வி: தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் விபத்து என்று அடிக்கடி படிக்கிறோம். இதில் தூக்கத்துக்குப் பங்கு உண்டா?
*(வாசகர், தருமபுரி)*

உண்டு. பிரேக் போகும் வழியைப் பார்த்தால் புரியும்.

20 டன் எடையுள்ள லாரி 300 மீட்டர் உயரத்தை இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், ஏறக்குறைய 190 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கீழ் கியரில் எஞ்சின் இழுத்துப் பிடித்து அதைத் தாங்காவிட்டால் அத்தனை சூடும் பிரேக் டிரம்மில் இறங்கும். சக்கரத்தோடு சுழலும் அந்த டிரம் சூட்டில் விரிந்து, அதை உரசி நிறுத்தும் லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கின் உராய்வும் குறையும். காற்றுப் பிரேக்கில் மிதி நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும், வண்டி மட்டும் நிற்காது. பல தடவை இது பழுதான பிரேக் அல்ல. நல்ல பிரேக்கைச் சூடாக்கிவிட்ட ஓட்டும் முறை.

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லும் விதி. அதை இறக்கம் தொடங்கும் முன்பே போட வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். பிரேக்கை லேசாகத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே போகாமல், வேகம் ஏறியதும் ஒருமுறை அழுத்தமாக மிதித்துக் குறைத்து, விட்டுவிட வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது தற்கொலைக்குச் சமம்.

பெங்களூரு பக்கமிருந்து இரவெல்லாம் ஓட்டி அதிகாலையில் தொப்பூருக்கு வருகிற ஓட்டுநரிடம் முதலில் மழுங்குவது முன்யோசனை. எச்சரிக்கைப் பலகையைக் கண் பார்க்கும், மூளையில் பதியாது. கியரைக் குறைப்பது அரை நிமிடம் தாமதமாகும். அதற்குள் வேகம் ஏறிவிட்டால் கீழ் கியர் விழாது, நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்ளலாம். கலக்கத்தில் இருக்கும் கால், பிரேக் மிதியின் மேலேயே கிடக்கும். ஆகவே கணவாய் வரும் முன் நிறுத்தி, இறங்கி, டயரைத் தட்டி, காற்றழுத்த முள்ளைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். அந்தப் பத்து நிமிடம் உங்கள் கண்ணுக்கும் பிரேக்குக்கும் சேர்த்துத்தான்.

கருகல் வாசனையோ புகையோ வந்தால் ஓரம்கட்டி, கட்டை வைத்து, ஆறும்வரை காத்திருங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

கேள்வி: மூடுபனியில் ஹை பீமா, நாலு இண்டிகேட்டருமா?
*(வாசகர், ஓசூர்)*

இரண்டும் வேண்டாம். ஹை பீம் பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஓடும் வண்டியில் நாலு இண்டிகேட்டரும் எரிந்தால், நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. லோ பீம், இருந்தால் பனிவிளக்கு, இடது ஓர வெள்ளைக் கோட்டை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, தெரியும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகம். வெறும் வெண்மையையே உற்றுப் பார்த்தால் அரை மணியிலேயே கண் ஓய்ந்துவிடும். பனியில் இரண்டு மணி நேரம் ஓட்டும் வழக்கத்தை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ராத்திரி பஸ் ஓட்டுகிறார். காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் பதினொன்றுக்கே எழுந்துவிடுகிறார். குறட்டையும் பலமாக இருக்கிறது, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறார். நான் என்ன செய்யலாம்?
*(வாசகி, நாகர்கோவில்)*

அம்மா, உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இரண்டாவதுதான் அவசரம்.

குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது, திணறி எழுவது ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழல் மூடிக்கொள்ளும். பத்து நொடிக்கு மேல் மூச்சு நின்று, மூளை அவரை அரைகுறையாக எழுப்பும். மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் தீவிர நிலை. எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கியதாகவே இருக்காது. காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்த்து, தூக்கப் பரிசோதனை கேளுங்கள். அவர் தூங்கும்போது இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும். சிபாப் என்ற கருவி மூக்கு வழியே காற்றை லேசான அழுத்தத்தில் செலுத்தி, குழல் மூடாமல் பார்த்துக்கொள்ளும். ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பகல் தூக்கம் பெருமளவு குறையும். வேலை போய்விடுமோ என்று மறைக்க வேண்டாம், சிகிச்சை எடுத்துக்கொண்டு தொடர்ந்து ஓட்ட முடியும்.

பகல் தூக்கம் சுருங்குவது இயல்பு. உடம்பு சூடேறும் நேரத்தில் தூங்கப் பார்க்கிறார் அல்லவா? வெயிலில் வீடு வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுவரச் சொல்லுங்கள்; வெளிச்சம் விழிப்பைக் கூட்டும். காலையில் இரண்டு இட்லி போதும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் படுக்கட்டும். ஜன்னலுக்குக் கனமான இருட்டுத் துணி, மின்விசிறியின் சீரான சத்தம், அணைத்த போன், முடிந்தால் அழைப்பு மணியின் சுவிட்சும் அணைத்திருக்கட்டும். பதினொன்றுக்கு விழிப்பு வந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். டூட்டிக்குப் போகும் முன், மாலையில் ஒன்றரை மணி நேரம் இரண்டாவது தூக்கம் கண்டிப்பாக வேண்டும். அந்த மாலை நேரத்தில் உறவினர் வருகை, பள்ளிக் கூட்டம், ரேஷன் கடை என்று அவரை அனுப்பாமல் நீங்கள் காவல் காப்பது, பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேருக்கும் செய்யும் உதவி.

கேள்வி: சளி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டலாமா?
*(வாசகர், கடலூர்)*

அட்டையில் குளோர்பெனிரமின் என்ற பெயர் இருந்தால் வேண்டாம். சளி, தும்மல் மாத்திரைகள் பலவற்றில் அது இருக்கிறது, பல மணி நேரம் மந்தப்படுத்தும். செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். புது மாத்திரையை விடுமுறை நாளில் முதலில் போட்டுப் பாருங்கள். தூக்கம் குறைவாக வரும் மருந்துகளும் உண்டு. மருந்துக்கடையில் "நான் டிரைவர்" என்று சொல்லியே வாங்குங்கள்.

கேள்வி: ஆறு லாரி வைத்திருக்கிறேன். ஒரு டிரைவரை எத்தனை மணி நேரம் ஓட்டச் சொல்லலாம்?
*(உரிமையாளர், நாமக்கல்)*

2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வரும்வரை இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூரப் பயணம் போன்ற சில நிலைமைகளில் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம் என்று அது சொன்னது. ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். எங்கள் கருத்தில் நம் சாலைகளுக்கு ஐந்து மணி நேரமே அதிகம். மூன்று மணிக்கொரு நிறுத்தம் வையுங்கள்.

சட்டத்தைவிட, நீங்கள் போனில் சொல்லும் ஒரு வார்த்தைக்கு வலு அதிகம். "நாளைக்குக் காலை எட்டு மணிக்கு லோடு இறங்கணும்" என்று சொல்லிவிட்டால் டிரைவர் தூங்க மாட்டார். தூரத்தை 60 ஆல் வகுத்து நேரம் போடாதீர்கள். லாரிக்குச் சராசரி 40 முதல் 45 என்று வையுங்கள், மழைக்காலத்தில் இன்னும் குறையுங்கள், அதன் மேல் ஓய்வைச் சேருங்கள். சீக்கிரம் வந்தவருக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். இரண்டு டிரைவர் அனுப்பினாலும், ஓடும் வண்டியில் படுத்த தூக்கம் வீட்டுத் தூக்கம் ஆகாது. அதிகாலை 2 முதல் 5 மணிவரை வண்டி நிற்கட்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. பழைய வண்டிகளில் படுக்கைக்கு மேல் ஒரு நல்ல மின்விசிறியும் கொசுவலையும் போட ஆகும் செலவு, ஒரு டயர் விலையில் சிறு பங்குதான்.

கேள்வி: புதுக் காரில் தூக்கம் வந்தால் காபிக் கோப்பை படம் காட்டி எச்சரிக்கிறது. அதை நம்பலாமா?
*(வாசகர், புதுச்சேரி)*

அது எச்சரித்தால் நம்புங்கள். எச்சரிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள்.

பல கார்களில் அது உங்கள் கண்ணைப் பார்ப்பதில்லை. ஸ்டீயரிங் அசையும் விதத்தையும் ஓட்டிய நேரத்தையும் வைத்துக் கணிக்கிறது. குழி தவிர்த்துத் தவிர்த்து ஓட்டும் சாலையில் அந்தக் கணிப்பு குழம்பும். தடக்கோட்டைப் பார்க்கும் கேமரா, கோடு அழிந்த சாலையிலும் கனமழையிலும் எதிர்விளக்கின் கூச்சத்திலும் எதையும் காணாது. முகத்தைப் பார்க்கும் கேமரா இருந்தாலும் கறுப்புக் கண்ணாடி போட்டால் சிலவற்றுக்குக் கண் தெரியாது. கருவி மிகவும் தேவைப்படும் மழை இரவில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும்.

அதைவிட முன்னதாகச் சொல்லும் அறிகுறிகள் உங்களிடமே இருக்கின்றன. தொடர்ந்து கொட்டாவி, கண் எரிச்சல், இமை மூடித் திறக்க நேரம் பிடிப்பது, வேகம் உங்களை அறியாமல் 70க்கும் 90க்கும் இடையே ஆடுவது, திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிடுவது, கடைசி ஐந்து கிலோமீட்டர் எப்படி வந்தது என்று நினைவில்லாமல் போவது. இதில் ஒன்று வந்தாலே அடுத்த பங்க்கில் ஒதுங்குங்கள். தலை ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே தூங்கிவிட்டீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இந்த அறிகுறிகளைச் சொல்லி வையுங்கள். அவர் "நிறுத்துங்க" என்றால் காரணம் கேட்காமல் நிறுத்துவதாகக் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

முன்கண்ணாடியில் கேமரா இருக்கும் பகுதியை மழைக்காலத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஈரத் துணியால் துடையுங்கள். வைப்பர் ரப்பரை ஆண்டுக்கொரு முறை, மழை தொடங்கும் முன் மாற்றுங்கள்.